பெரிய விவசாயக் கருவிகளையும் உதிரிபாகங்களையும் குறைந்த செலவில் வரவழைப்பது எப்படி?

ரோட்டவேட்டரும் (டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் கருவி) சில டிராக்டர் உதிரிபாகங்களும் தொலைவிலிருந்து வாங்கப் போகிறீர்கள், பொருளின் விலையையே வண்டி வாடகை விழுங்கிவிடும் போலிருக்கிறது என்கிறீர்கள். நானும் அதில் சூடுபட்டவன்தான்.

முதல்முறை நான் வரவழைத்தது டிராக்டர் சக்கரத்துக்கு மேல் வரும் இரண்டு மட்கார்டு. சேர்த்து நிறுத்தாலும் 15 கிலோ தாண்டாது. ஆனால் பெட்டி 120 × 60 × 50 செ.மீ. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, 72 கிலோவுக்குக் கூரியர் கட்டணம் போட்டுவிட்டார்கள். சண்டைக்குப் போனேன். நிஜ எடை, இப்படிப் பெட்டி அளவை வைத்துப் போடும் கொள்ளளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பணம் என்பது அவர்கள் வழக்கமாம். மட்கார்டு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டியிருந்தால் பெட்டி கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும்.

அதனால் விற்பவரிடம் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ரோட்டவேட்டரில் மேல் இணைப்புச் சட்டமும் பின் தகடும் கழன்றாலே உயரம் நன்றாகக் குறையும். போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையிலேயே திருகி வைக்கச் சொல்லுங்கள். பையில் போட்டால் ஒன்றாவது தொலையும். கியர் பெட்டி எண்ணெயை வடித்துவிட வேண்டும். பாட்டரி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனி விதிகள் உண்டு.

ரோட்டவேட்டருக்குத் தனி வண்டி வேண்டாம், பார்ட் லோடில், அதாவது மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஒரே லாரியில் போடுங்கள். சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரி கிடைத்தால் இன்னும் மலிவு. ஆனால் அவர்களுடைய நாளுக்கு நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். உழவு தொடங்கும் வாரத்தில் போய் நின்றால் பேரம் பேசவே முடியாது.

பலரும் மறப்பது இறக்குவதை. லாரியின் தளம் இடுப்புக்கு மேல் இருக்கும். இறக்க ஆள், கிரேன் என்று தேடினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். நான் இப்போதெல்லாம் வீட்டுக்கு வரச் சொல்வதில்லை. டிரெய்லரோடு லாரி கம்பெனியின் குடோனுக்கே போய்விடுவேன், அங்கே ஃபோர்க்லிஃப்டில் தூக்கி வைத்துவிடுவார்கள்.

கடல் கடந்து வருவதென்றால் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். மண் இருந்தால் பல நாடுகளில் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கழுவும் செலவும் உங்கள் தலையில்தான்.

அப்புறம், பேரிங், கியர் போன்ற சின்னக் கனமான பாகங்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். சாதாரணப் பார்சலே போதும்.