சவாரோ கள்ளி யாழ்ப்பாணத்தில் வளருமா?

கோப்பாயிலிருந்து: அக்கா, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய கள்ளி எங்கள் சதுரக்கள்ளியின் இனமா?

இல்லைத் தம்பி. அது சவாரோ. அரிசோனாவிலும் மெக்சிக்கோவிலும் விரிந்த சொனோரப் பாலைவனத்துக்கு உரியது. 12 மீற்றருக்கு மேலும் உயரும், 150 வருடம் தாண்டியும் நிற்கும். சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும், சவாரோவில் வடியாது. அதன் முட்கள் பஞ்சுத் திட்டுகளிலிருந்து கொத்தாக வரும். அந்தத் திட்டு எங்கள் நாகதாளியிலும் உண்டு, சொந்தம் அதுதான்.

நல்லூரிலிருந்து: தண்டில் ஏன் நீள மடிப்புகள்?

மழைத் தண்ணீரை உறிஞ்சித் தண்டு பருக்கும்போது மடிப்புகள் விரியும்; வறட்சியில் ஒடுங்கும்.

சாவகச்சேரியிலிருந்து: விதை கிடைத்திருக்கிறது. செம்மண்ணில் போடலாமா?

தனிச் செம்மண் வேண்டாம் தங்கச்சி, நனைந்தால் இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணலும் சிறு சல்லிக்கல்லும் சேர்த்து மூன்று பங்கு. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், எடுக்காதீர்கள். விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவுங்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைத்ததும் நேர் வெயில் படக்கூடாது. பாலைவனத்திலும் குஞ்சுச் சவாரோ பாலோ வேர்டே, மெஸ்கீட் மரங்களின் நிழலில்தான் தப்பிப் பிழைக்கிறது. உங்களுக்கு முருங்கை நிழல் போதும்.

பருத்தித்துறையிலிருந்து: மாரியைத் தாங்குமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். எங்கள் வெயிலை அது தாங்கும், ஐப்பசி கார்த்திகை மழையை முற்றத்தில் நின்று தாங்காது. அரிசோனாவின் டூசன் நகரில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 300 மில்லிமீற்றர். இங்கே அது ஒரு கார்த்திகை மாதத்திலேயே விழுந்துவிடும். இன்னொன்று, சவாரோ இரவில்தான் துளைகளைத் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். இரவு குளிர்ந்தால்தான் அதற்குச் சுகம். எங்கள் புழுக்க இரவுகள் அதற்கு ஒத்துவராது. அதனால் நிலத்தில் நடாதீர்கள். அடியில் ஓட்டை உள்ள மண்சாடியில் வையுங்கள், புரட்டாசி முடிந்ததும் கூரைக்குள் எடுங்கள், தை வரை தண்ணீரைக் கிட்டத்தட்ட நிறுத்துங்கள். மற்றக் காலத்தில் மண் அடிவரை காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஊர்காவற்றுறையிலிருந்து: கை எப்போது வரும்?

அதன் சொந்த மண்ணிலேயே 50 முதல் 75 வருடம் ஆகும். முதல் எட்டு வருடத்தில் விரல் நீளம்கூட வராது. உங்கள் கண்முன்னே தூண் எழும்ப வேண்டுமென்றால் தென்னமெரிக்கச் செரியஸ் கள்ளியை வையுங்கள். தண்டை வெட்டி, வெட்டுவாய் நன்றாகக் காயும் வரை நிழலில் கிடத்திவிட்டு நட்டால் வேர்விடும். அதுவும் இரவில் வெள்ளைப் பூப் பூக்கும். எனக்கு இரண்டும் வேண்டும், சாடியில் சவாரோ, வேலியோரம் செரியஸ்.

அல்வாயிலிருந்து: என் செரியஸின் அடி மெதுமெதுவென்று கறுத்துவிட்டது. தப்புமா?

அடி தப்பாது, தலை தப்பலாம். கறுப்பு ஒரு புள்ளிகூட இல்லாத பச்சைச் சதை தெரியும் வரை மேலே மேலே வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மிஞ்சும் துண்டைக் காயவைத்துப் புது மணலில் நடலாம்.