காட்டுத்தீயும் காடு மீட்பும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தை முடிகிற நேரம். சத்தியமங்கலம் மலைகளில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. மே வரை தீக்காலம். நான் வேலை செய்வது சத்தியமங்கலம், தாளவாடி, முதுமலைப் பக்கத்து வறண்ட இலையுதிர் காடுகளில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து, காட்டை மூடிப் பரவும் அந்நியப் புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்றுகிற பணியில். அந்தக் காடுகளைப் பற்றிக் கேளுங்கள். சோலைக்காடு பற்றி அந்த மலைகளில் இருப்பவர்களிடம் கேட்பதே நல்லது.

கடம்பூர் மலை, பள்ளி ஆசிரியர்: ஐயா, போன கோடையில் ஊருக்கு மேலே நாலைந்து ஏக்கர் எரிந்தது. மாணவர்களை வைத்து மரக்கன்று நடலாமா?

ஒரு மழைக்காலம் முழுக்க எதையும் நடாதீர்கள். இதை எல்லாரிடமும் சொல்கிறேன், மறுபடியும் சொல்வேன். வெக்காலி, கருமருது, தடசு, நெல்லி, வேங்கை எல்லாம் தீயோடு பழகிய மரங்கள். பட்டை தடித்தது, மேலே கருகினாலும் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்க்கும். நாம் குழி வெட்டும்போது அந்த வேரைத்தான் வெட்டுகிறோம். பல வருட வேர் உள்ள துளிரை அழித்துவிட்டு, பாக்கெட்டில் வளர்ந்த நாற்றை வைத்தால் அடுத்த கோடையை அது தாண்டாது.

மாணவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. முதல் நல்ல மழைக்குப் பிறகு துளிர்த்த கட்டைகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஆடு மாடு இரண்டு வருடம் அங்கே போகாமல் ஊரில் பேசி முடிவெடுங்கள். எரிந்த மண்ணில் உண்ணி நாற்று கொத்துக்கொத்தாக வரும். ஈரம் இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். ஓடைக்கரை மண் அரித்தால், விழுந்த கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். யானை நடமாடும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

கோவை: விதைப்பந்து வீசலாமா?

வேண்டாம். எரிந்த காட்டில் விதைக்கும் வேருக்கும் குறைவில்லை. தடையாக இருப்பது மேய்ச்சலும் உண்ணியும்தான்.

தேனி, மலையேற்றம் போகிறவர்: குரங்கணி நினைவு இன்னும் பயமுறுத்துகிறது. மலையில் தீயைப் பார்த்தால் என்ன செய்வது?

2018 மார்ச் 11-இல் மூண்ட அந்தத் தீ 23 உயிர்களை எடுத்தது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, காற்று மூன்றும் ஒன்று சேர்ந்தால் மனிதக் கால் தீயை முந்தாது. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் தீ கீழே இருந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் நகருங்கள். ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரித்தரை, வெறும் பாறை, ஓடுகிற தண்ணீர், இவைதான் பாதுகாப்பான இடங்கள். மலை மடிப்புக்குள், ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி ஒளியாதீர்கள். அது புகைக்கூண்டு போலச் சூட்டை இழுக்கும். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுத்துங்கள். இத்தனைக்கும் மேலே, பிப்ரவரி முதல் மே வரை புல்மலைக்குப் போகாதீர்கள்.

கூடலூர்: செயற்கைக்கோள் பார்த்துத் தகவல் அனுப்புகிறதாமே, ஊர்க்காவல் இன்னும் தேவையா?

தேவை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் உங்கள் பகுதித் தீக்கு அலைபேசியில் செய்தி வரும், பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் செயற்கைக்கோள் கருவியின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் அகலம், சின்னத் தீ அதில் தெரியாமல் போகலாம். செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் கடக்கும். பீடித் துண்டில் பற்றிய தீயை முதலில் பார்ப்பது மாடு மேய்ப்பவரின் கண்தான்.

தாளவாடி, சோளகர் இளைஞர்: எங்க தாத்தா காலத்தில் தை மாசமே சருகுக்குத் தீ வைப்பாங்க. அப்போ காட்டுக்குள்ள நடக்க வழி இருந்தது, நெல்லி மரத்தில் புல்லுருவி இல்லை. இப்போ தீப்பெட்டி வச்சிருந்தாலே கேஸ். நீங்க என்ன சொல்றீங்க?

உங்கள் தாத்தா சொன்னது சரி என்பது என் கருத்து. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் உங்கள் சோளக உறவினர்கள் இதைத் 'தரகு பெங்கி' என்கிறார்கள். கோடை முற்றுவதற்கு முன்னால், பனி ஈரம் மிச்சமிருக்கும்போது வைக்கிற சருகுத்தீ அது. தாழ்வாக ஓடி அடங்கும். உண்ணி நாற்று சாகும், புல் துளிர்க்கும், நெல்லியின் மேல் ஏறும் புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும். 1974-இல் அந்த மலை சரணாலயமானதும் தீ தடை செய்யப்பட்டது. 1997-இல் பாதிக்கும் குறைவான ஆய்வுத் திட்டுகளில் இருந்த உண்ணி, 2008-இல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு திட்டுகளில் இருந்தது. தீத்தடை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற வனவர்: இது ஆபத்தான பேச்சு. நான் பணியில் இருந்தபோது அணைத்த தீயெல்லாம் மனிதன் வைத்ததுதான். "தாத்தா வைத்தார்" என்று சொல்லி மார்ச்சில் ஆளாளுக்கு வைத்தால் யார் பொறுப்பு? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 30 சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடுக்கிறது.

வனவர் ஐயா, பச்சைத்தழையால் தீயை அடித்து அணைத்தவர் நீங்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தையில் வைக்கிற தீயும் பங்குனியில் வைக்கிற தீயும் ஒன்றல்ல. இன்னொன்றையும் தம்பிக்குச் சொல்கிறேன்: இன்றைய காட்டில் தையில் வைத்தாலும் பழைய தீ கிடைக்காது. தலைக்கு மேல் வளர்ந்த உண்ணிப் புதர் ஏணியாகித் தீயை மரத்தலைக்கு ஏற்றும். மரம் சாகும், உண்ணி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் முதலில் உண்ணியை வேரோடு எடுக்க வேண்டும், பிறகு புல்லை வரவிட வேண்டும், அதன் பிறகே சருகுத்தீ பற்றிப் பேச வேண்டும்.

திருப்பூர்: எங்கள் குழுவிடம் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து இருக்கிறது...

மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பர்கூர் மலை, விவசாயி: உண்ணியை வெட்ட வெட்டத் தழைக்குதுங்க.

வெட்டினால் தழைக்கத்தான் செய்யும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் காட்டிய முறை எளிது: மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காய விடுங்கள். காய் பிடிக்கும் முன்னே செய்யுங்கள். பறவைகள் உட்காரும் மரத்தடியில் எச்சத்தோடு விழுந்த விதை முளைக்கும்; அங்கே குறைந்தது மூன்று வருடம் நாற்றைப் பிடுங்க வேண்டும். முதல் வருடத்தோடு பணத்தை நிறுத்துகிற திட்டங்கள் எல்லாம் இதில்தான் தோற்கின்றன. கூடலூரில் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித் தண்டில் செய்த யானைச் சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. வருமானம் வந்தால் ஊர் இந்த வேலையை விடாது.

சென்னை: டிரோனில் விதை தூவினால்?

விதைப்பந்துக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். தயவுசெய்து அந்தப் பணத்தைத் தீக்காவலர் கூலிக்குக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற வனவர்: சரி, உண்ணியை எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். தீ வைக்க அனுமதி யார் தருவது? கட்டுமீறினால் மாட்டுவது கீழ்நிலைக் காவலர்தான்.

அதனால்தான் தனி ஆள் தீக்குச்சி உரசுவதை நான் ஆதரிக்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராமத்துக்கு உரிமை தருகிறது. அதன்படி கிராம சபை எழுத்தில் திட்டம் போடட்டும்: எந்தத் திட்டு, எந்த வாரம், யார் யார் நிற்பது என்று. அதில் வனத்துறை கையெழுத்திட வேண்டும். காவலர் தனியாக மாட்டாமல் இருக்க அதுவே வழி. சரணாலயத்துக்குள் என்றால் பிரிவு 30 குறுக்கே நிற்கிறது. அங்கே அரசு முடிவெடுக்கும்வரை உண்ணி அகற்றுதலும், தீ தாண்டாமல் இருக்கச் சருகும் புல்லும் நீக்கி வெட்டும் தீத்தடுப்புக் கோடும் மட்டுமே. கோடு வெட்டும் கூலி ஜனவரியிலேயே ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் வருகிற பணம் தீக்குப் பிறகு வருகிற பணம். இதில் நீங்களும் தம்பியும் ஒரே பக்கம்தான் நிற்கிறீர்கள். ஊர் எது என்று எழுதுங்கள், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச நான் வருகிறேன்.