பித்தப்பையை எடுக்கப் போய் வயிற்றைத் திறந்தது ஏன்? மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அம்மாவுக்குச் சிறு துளைகள் இட்டுப் பித்தப்பையை எடுப்பதாகச் சொன்னார்கள். இடையில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். ஏதும் பிழை நடந்துவிட்டதா? (ஹட்டன்)

பதில்: பெரும்பாலும், பிழை நடந்துவிடக்கூடாது என்றுதான் திறக்கிறோம். அம்மா எத்தனை முறை வலியோடு தோட்ட மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் மலைக்கு ஏறினார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி வலி தந்த ஒவ்வொரு அழற்சிக்குப் பிறகும் பித்தப்பை தடித்துச் சுருங்குகிறது. பாறையைக் கவ்விய தேயிலை வேரைப் போல ஈரலோடும் பித்தக்கானோடும் இறுகிவிடுகிறது. நாங்கள் வெட்ட வேண்டியவை இரண்டே: பித்தப்பையின் சிறு குழாய், அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாடி. ஆனால், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பெரிய பித்தக்கானும் அருகிலேயே கிடக்கிறது. எல்லாம் ஒட்டிப்போன இடத்தில் பெரிய கான் சிறு குழாயைப் போலவே தெரியும். அதை வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடும். சிறு துளை வழியே பித்தப்பையை எடுக்கும் 1000 பேரில் ஏறக்குறைய 3 முதல் 5 பேருக்கு இந்தக் காயம் நேர்கிறது.

ஆகவே 1995இல் வகுத்த வழிமுறையைப் பின்பற்றுகிறோம். பித்தப்பையின் கீழ்ப்பகுதியை ஈரலிலிருந்து பிரித்து, அந்த இரண்டு மட்டுமே பித்தப்பைக்குள் போவதைக் கண்ணால் கண்ட பிறகே கிளிப் (குழாயை இறுக்கி மூடும் சிறு கவ்வி) இட வேண்டும். அது தெரியவில்லை என்றால் அந்த வழியில் மேலே போகக்கூடாது. அப்போதுதான் வயிற்றைத் திறக்கிறோம். 1882இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதிலிருந்து நூறு ஆண்டுகள் வயிற்றைத் திறந்தே செய்தார்கள். பெரிய தழும்பைப் பார்த்து அம்மா வருந்தினால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குப் பித்தப்பையில் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிட்டார்களாம். அரைகுறை வேலைதானே? (பண்டாரவளை)

பதில்: அப்படி எண்ண வேண்டாம். ஆபத்தான இடத்தைத் தோண்டாமல், கற்களை எடுத்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் விட்டுவிடுவது நிதானமான முடிவு. எஞ்சியதைத் திறந்தே விட்டால் சில நாட்கள் பித்தம் கசியலாம். வடிகுழாய்ப் பையில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெரிவது அதுதான். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் வாய் வழியாகக் கேமராக் குழாய் செலுத்தி, பித்தக்கானுக்குள் சிறு குழாய் ஒன்றை வைப்பார்கள். எஞ்சியதைத் தைத்து மூடியிருந்தால் கசிவு குறைவு. ஆனால் பின்னாளில் அதற்குள் கல் உண்டாகலாம். உங்களுக்கு எது செய்யப்பட்டது என்பதை டயக்னோசிஸ் அட்டையில் (வீடு திரும்பும்போது வைத்தியசாலை தரும் குறிப்பு அட்டை) எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு ஊரில் வலி வந்து வைத்தியசாலைக்குப் போகும்போது அங்குள்ள வைத்தியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

கேள்வி: மனைவிக்குச் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்து நாட்கள். கண் மஞ்சளாகிறது. செங்கமாரிக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா? (மஸ்கெலியா)

பதில்: வேண்டாம். இன்றே வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். பித்தக்கானில் கல் தங்கியிருக்கலாம், கான் அடைபட்டிருக்கலாம், காயப்பட்டும் இருக்கலாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, வயிற்று வீக்கம், கறுத்த சிறுநீர், வெளிறிய மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது. பஸ் இல்லாத நேரமானால் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள், தயங்காதீர்கள். கான் காயப்பட்டிருந்தால், அதைச் சீரமைத்துப் பழகிய சத்திரசிகிச்சை நிபுணரிடம் முதலிலேயே போய்ச் சேர்வது மிக முக்கியம்.

கேள்வி: இதய நோயுள்ள என் தந்தைக்குச் சத்திரசிகிச்சை செய்யாமல் குழாய் மட்டும் போட்டிருக்கிறார்கள். அது எதற்கு? (பதுளை)

பதில்: ஸ்கேன் பார்த்து, ஊசி வழியே பித்தப்பைக்குள் வைத்த குழாய் அது. சீழை வடித்து உயிரைக் காக்கும். உடல் தேறிய பிறகு சத்திரசிகிச்சையைப் பற்றி முடிவெடுப்பார்கள். குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழுந்து பறிக்க எப்போது போகலாம்? (தலவாக்கலை)

பதில்: துளைவழி என்றால் ஓரிரு வாரங்களில் வீட்டு வேலை செய்யலாம்; கொழுந்துச் சுமையைத் தூக்க நான்கு வாரமாவது போகட்டும். வயிற்றைத் திறந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம். விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழை, வீட்டுக்கு அனுப்பும் அன்றே கேட்டு வாங்குங்கள்.