கை உயர்ந்தால் நிற்க வேண்டும்

ஓய்வுபெற்ற வனச்சரகர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். என் கீழ் இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். வேலை ஏவவே கூச்சமாக இருக்கிறது. சின்ன வயதிலேயே சரகர் ஆன நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
- வாசகி, திருப்பூர்

பதில்: அந்தக் கூச்சம் நல்லதம்மா. எனக்கு அது இல்லாததால் ஒருநாள் ஐந்து பேர் உயிர் போக இருந்தது.

கோவையில் பயிற்சி முடித்துக் காக்கி போட்டு ஐந்தே மாதம். மார்ச் மாத வெயில். நீலகிரியின் கிழக்குச் சரிவில் தீ. போதைப்புல் என்கிற வாசனைக் காட்டுப்புல் இடுப்பளவுக்குக் காய்ந்து நிற்கிறது. மேலே நின்று எதிர்த்தீ வைத்து, அதாவது தீ வரும் வழியிலுள்ள புல்லை நாமே முன்கூட்டிக் கொளுத்தி, அணைத்துவிடலாம் என்றேன். எங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர், இருளர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் சார், இந்நேரத்துக்குக் காத்து மேல ஏறும்" என்றார். கையில் வரைபடம் இருந்த தைரியம் எனக்கு. கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் கீழிருந்து காற்று ஏறியது. சரிவில் நெருப்பு மனிதனைவிட வேகமாக ஓடும். ஓடிப்போய் நாங்கள் உயிர் பிழைத்த இடம், ஜனவரியில் அவரே புல் செதுக்கி வைத்திருந்த தீத்தடுப்புக் கோடு. என் புருவம் கருகியிருந்தது. அவர் தண்ணீர்க் கேனை நீட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி முகாமில் எல்லார் முன்னாலும் "தப்பு என்னுடையது" என்றேன். மறுநாளிலிருந்து ரோந்தில் அவர் முதல் ஆள், நான் மூன்றாம் ஆள். அவர் கை உயர்ந்தால் சரகர் உட்பட வரிசையே நிற்கும். யானை வாடை அவர் மூக்குக்குத்தானே எட்டுகிறது! ஆனால் யானை வாழையை அழித்த காலையில் ஊரே திரண்டு வந்தால், முன்னால் போய் ஏச்சு வாங்கியது நான்.

தையல் சத்தத்தை வைத்தே ஊசி ஒடியப்போகிறது என்று சொல்கிற அக்கா ஒருவர் உங்கள் லைனிலும் இருப்பார். முதல் வாரம் அவர் பக்கத்தில் நில்லுங்கள். டார்கெட் தவறி ஆபீசில் கூப்பிட்டால் நீங்கள் போங்கள்.

கேள்வி: சமீப காலத்தில் வனத்துறையில் உங்களை அசத்திய குழு வேலை எது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2021-இல் மசினகுடிப் பக்கம் டி23 புலியைப் பிடித்தது. நான்கு பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட புலி. ட்ரோன், கேமரா, கும்கி, மோப்ப நாய் எல்லாம் வந்தன. ஆனாலும் உண்ணிச்செடிப் புதருக்குள் கால்தடம் பார்த்து வழி சொல்ல, உள்ளூர்ப் பழங்குடியினர் தேவைப்பட்டார்கள். பிடிபடுவதற்கு முந்தின ராத்திரி மயக்க ஊசி பட்டும் புலி தப்பியது. அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அத்தனை நாள் நெருக்கடியிலும் சுட்டு முடித்துவிடாமல் பொறுத்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: சம்பளம் கூட்டித்தர எனக்கு அதிகாரம் இல்லை. என்னை நம்பி இருக்கும் ஆட்களுக்கு வேறு என்ன செய்ய முடியும்?
- வாசகர், ஓசூர்

பதில்: எனக்கும் அந்த அதிகாரம் இருந்ததில்லை. காவலர்களின் கூலி பில்லை மட்டும் மேஜையில் ஒருநாள்கூடத் தங்க விட்டதில்லை. மாதம் ஒரு ராத்திரி முகாமில் படுப்பேன். போனதும் அரிசி டின்னைத் திறந்து பார்ப்பேன், அப்புறம் வாசலில் கிடக்கும் பூட்ஸ்களைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன். அட்டை கடிக்கிற மழைக்காலத்தில் ஓட்டை பூட்ஸோடு ஓர் ஆளைக் காட்டுக்குள் அனுப்ப எனக்கு மனசு வந்ததில்லை.