சிஆர்-வி இழுக்க ஒரு டியர்டிராப்: ஆக்சிலை எங்கே வைப்பது, தண்ணீரை எங்கே நிறுத்துவது

கேள்வி: வட கரோலினாவில் ராலே பக்கம் வசிக்கிறோம். கராஜிலேயே ஒரு டியர்டிராப், அதாவது கண்ணீர்த்துளி வடிவக் குட்டிக் கேம்பிங் ட்ரெய்லர், கட்ட ஆசை. பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் 4×8 அடி கிட் ட்ரெய்லர் ஒன்று, 12 அங்குலச் சக்கரத்தோடு, பார்த்து வைத்திருக்கிறோம். இருவர் படுக்க வேண்டும். பின்பக்கம் சமையல் மேடை. இழுக்கப்போவது ஹோண்டா சிஆர்-வி. கிட்டில் ஆக்சில் வரும் இடத்திலேயே அதை விடலாமா? எந்தத் தடிமன் ப்ளைவுட் வாங்குவது? இரண்டே வருடத்தில் மழைநீர் புகுந்து மரம் மக்கிவிடும் என்கிறார்களே, தடுக்க வழி உண்டா?

பதில்: ஆக்சிலை இருக்கிற இடத்தில் விடாதீர்கள். கிட் ட்ரெய்லர் சரக்கு ஏற்றச் செய்தது. சரக்கை முன்னே பின்னே தள்ளி எடையைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற கணக்கில்தான் அதில் ஆக்சில் பொருத்தப்படுகிறது. டியர்டிராப்பில் அந்த வசதி கிடையாது. அடுப்பு, ஐஸ் பெட்டி, தண்ணீர், பாத்திரம், கனமான பின்கதவு எல்லாமே பின்கோடியில் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் கனத்துப்போனால், ட்ரெய்லரின் முன்னே நீளும் இழுவைக் கம்பியின் (டங்) முனையில் உள்ள பூட்டு (கப்ளர்) காரின் இழுவைப் பந்தின் மேல் அழுத்தும் எடை, அதாவது டங் எடை, குறையும். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் காற்றே போதும், ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். உங்களுக்கு மேல் வரம்பும் இருக்கிறது: பெட்ரோல் சிஆர்-வி இழுக்கக்கூடியது 1,500 பவுண்டு, டங் எடை 150 பவுண்டுக்குள். உங்கள் வண்டியின் ஆண்டுக்கான கையேட்டில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மரம் வாங்கும் முன் ஒரு தாளில் இதைக் கணக்கிடுங்கள். பந்திலிருந்து ட்ரெய்லர் பெட்டியின் முன்முகம் வரை 48 அங்குலம், பெட்டி 96 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளின் எடையும், பந்திலிருந்து அதன் நடுப்புள்ளி எவ்வளவு தூரம் என்பதும்:

ஃபிரேமும் டங்கும் 130 பவுண்டு, 85 அங்குலம்
தரை, சுவர், கூரை 420 பவுண்டு, 96 அங்குலம்
பின்கதவும் சமையல் அலமாரியும் 110 பவுண்டு, 130 அங்குலம்
ஐஸ் பெட்டி, அடுப்பு, பாத்திரம் 100 பவுண்டு, 128 அங்குலம்
5 கேலன் தண்ணீர் 42 பவுண்டு, 130 அங்குலம்
மெத்தை, போர்வை 60 பவுண்டு, 85 அங்குலம்
துணிப் பைகள் 60 பவுண்டு, 70 அங்குலம்
டங் மேல் பெட்டியில் பேட்டரி, கருவிகள் 60 பவுண்டு, 34 அங்குலம்

எடைகளின் கூட்டுத்தொகை 982. ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 95,270. ஆக்சில், சக்கரம், பிரேக் எல்லாம் சேர்ந்து 150 பவுண்டு வரும். அவை ஆக்சில் மேலேயே நிற்பதால் இந்தக் கணக்கில் சேராது. இப்போது 95,270ஐப் பந்திலிருந்து ஆக்சில் வரையிலான தூரத்தால் வகுத்து, விடையை 982இலிருந்து கழித்தால் டங் எடை கிடைக்கும்.

ஆக்சில் 104 அங்குலத்தில் இருந்தால் டங் எடை 66 பவுண்டு. மொத்தம் 1,132 பவுண்டில் அது 6 சதவீதத்துக்கும் குறைவு, ஆபத்தான ட்ரெய்லர். எட்டே அங்குலம் பின்னால் தள்ளி 112இல் வைத்தால் 131 பவுண்டு, கிட்டத்தட்ட 11.5 சதவீதம். அதாவது பெட்டியின் முன்முகத்திலிருந்து 64 அங்குலத்தில் ஆக்சில், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில். பேட்டரியையும் கருவிகளையும் டங் மேலிருந்து எடுத்துச் சமையல் மேடைக்கு அடியில் வைத்தாலோ 131 மறுபடி 80க்கு இறங்கிவிடும். பலரும் வயர் நீளம் குறையுமென்று பேட்டரியைப் பின்னால் வைப்பது இந்தக் காரணத்தால்தான் வினையாகிறது. மேலே உள்ள எடைகள் மாதிரிக்கு. உங்கள் பொருட்களை நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த பிறகு குளியலறைத் தராசு போதும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, கப்ளருக்கு நேர் கீழே, பந்தின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி இறக்குங்கள். மொத்த எடைக்கு நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடைக்குப் போகலாம்.

ஆக்சில் இடம் முடிவானால் கதவின் இடமும் முடிவாகிவிடும். 4.80-12 டயரின் விட்டம் ஏறக்குறைய 20 அங்குலம், ஆகவே சக்கரம் முன்முகத்திலிருந்து 54 முதல் 74 அங்குலம் வரை இடம் பிடிக்கும். சக்கரத்தை மூடும் ஃபெண்டருக்கும் இடம் விட்டு, 26 அங்குல அகலக் கதவை 24க்கும் 50க்கும் நடுவில் அமைத்து, கீலை முன்பக்கம் போடுங்கள். திறக்கும்போது ஃபெண்டரில் இடிக்காது. சுவரை வெட்டிய பிறகு ஆக்சிலை நகர்த்த நினைத்தால் இதெல்லாம் கெடும்.

பிரேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு வரை ட்ரெய்லருக்குத் தனி பிரேக் தேவையில்லை. வட கரோலினாவிலோ சாதாரண ட்ரெய்லருக்கு 4,000 பவுண்டு வரம்பு, ஆள் தங்கும் ட்ரெய்லருக்கு 1,000. ஹோண்டாவும் 1,000 பவுண்டுக்கு மேல் பிரேக் வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. கிட்டோடு வரும் ஆக்சிலில் பிரேக் இருக்காது. எப்படியும் ஆக்சிலை நகர்த்தப்போகிறீர்கள். அதற்குப் பதில் 7 அங்குல எலெக்ட்ரிக் பிரேக்குடன் 2,000 பவுண்டு ஆக்சிலாக மாற்றிவிடுங்கள். வாங்கும்போது கடையில் இரண்டு அளவு கேட்பார்கள்: ஹப் முகத்திலிருந்து ஹப் முகம், ஸ்பிரிங் நடுவிலிருந்து ஸ்பிரிங் நடு. இதற்குக் காரில், ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் ஏழு முனை இணைப்பும் வேண்டும். ட்ரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சும், அதற்கான சிறு பேட்டரியும் ட்ரெய்லரில் வேண்டும். 3,500 பவுண்டு ஆக்சில் கூடுதல் பலம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவ்வளவு லேசான ட்ரெய்லரில் அந்த ஸ்பிரிங் வளையவே வளையாது, குலுக்கல் முழுவதும் மரப் பொருத்துகளுக்குப் போகும்.

அகலத்தையும் ஒருமுறை யோசியுங்கள். 48 அங்குலத்தில் சுவர் போக உள்ளே 46 அங்குலம்தான். ஃபுல் சைஸ் மெத்தையே 54 அங்குலம். வீட்டுத் தரையில் டேப் ஒட்டி 46 அங்குலத்துக்குள் இருவரும் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். முடியாது என்றால் இப்போதே 5 அடி அகல ஃபிரேமுக்குப் போய்விடுவது நல்லது.

இனி மரம். சுவருக்கு 3/4 அங்குல ப்ளைவுட்டை வெட்டி, ஓரம், கதவைச் சுற்றி, அலமாரி தாங்கும் இடம் மட்டும் விட்டு நடுவைத் துளைத்தெடுத்து, அங்கே அதே தடிமன் ஃபோம் பலகையை நிரப்புங்கள். உள்ளேயும் வெளியேயும் 1/8 அங்குல பால்டிக் பிர்ச் ஒட்டினால் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். தரைக்கு 1/2 அங்குலம் போதும். ஓஎஸ்பி (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) வேண்டாம்; ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பும். பிரஷர் ட்ரீட்டட் பலகையும் வேண்டாம். கனம் அதிகம், ஈரத்தோடு வருவதால் பசையும் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. கூரைக்கு 3/4 × 1 1/2 அங்குல ரீப்பர்களைச் சுமார் 12 அங்குல இடைவெளியில் போட்டு, மேலே 1/8 அங்குலப் பலகை. மேல்தோலின் ரேகை ட்ரெய்லரின் குறுக்கே ஓட வேண்டும். நீளவாக்கில் ஓடினால் வளைவில் விரிசல் விடும். முன்வளைவின் ஆரத்தை 15 அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள்.

மழைநீருக்கு வருவோம். டியர்டிராப் கெட்டுப்போவது நடுச்சுவரில் இல்லை. ப்ளைவுட்டின் வெட்டு ஓரங்களிலும் திருகுத் துளைகளிலும்தான். வெட்டு ஓரம் உறிஞ்சுகுழாய்க் கட்டு மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆகவே வெட்டிய ஒவ்வொரு ஓரத்துக்கும் எபாக்சி (இரண்டு திரவம் கலந்து பூசும் பிசின்) இரண்டு முறை: முதல் பூச்சை மரம் குடித்துவிடும், இரண்டாவதுதான் மூடும். தரையின் அடிப்பக்கத்தை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன்பே எபாக்சியும் பெயிண்டும் போட்டு முடியுங்கள். சக்கரம் அடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் படும். கரோலினா கோடையின் ஈரக்காற்றில் காயும் எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியலாம். அதைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உப்புத்தாள் போடுங்கள்; கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு பரவி, மேலே அடிக்கும் பெயிண்ட் உரியும். வெயில் எபாக்சியைச் சிதைக்கும், அதனால் பெயிண்ட் கட்டாயம்.

கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் அலுமினிய ட்ரிம் (விளிம்புப் பட்டை) போடுவீர்கள். அதில் ஒரு திருகை எப்படி இறக்குவது என்று பார்ப்போம். திருகுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பிக் காயவிடுங்கள். அதன் நடுவில் திருகின் அளவுக்கு மறுபடி துளை. இப்போது திருகு மரத்தைத் தொடாது. ட்ரிம்மைத் தாண்டித் தண்ணீர் வந்தாலும் மரத்துக்குப் போக வழியில்லை. ட்ரிம்முக்கு அடியில் ப்யூட்டைல் டேப் எனும் பிசுபிசுப்பான ரப்பர் நாடா. திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கி வரும். வெயிலில் ஒரு நாள் நின்ற பிறகு இன்னொரு முறை இறுக்கினால் மீண்டும் பிதுங்கும். அதற்குப் பிறகே ஓரத்தை வெட்டுங்கள். சிலிக்கான் இந்த வேலைக்கு ஆகாது. அது விட்டுப்போன இடத்தில் வேறு பசையோ பெயிண்டோ ஒட்டாது, பழுது பார்க்கவே முடியாமல் போகும்.

கூரைக்கு அலுமினியத் தகடு போடுவதானால் மரத்தோடு முழுக்க ஒட்டிவிடாதீர்கள். 8 அடித் தகடு 100 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்தில் 1/8 அங்குலம் நீளும். விளிம்பு ட்ரிம் மட்டும் பிடித்திருந்தால் தாராளமாக நீண்டு சுருங்கும். ஒட்டியிருந்தால் அலையலையாகப் புடைக்கும். செலவு குறைய வேண்டுமானால் பருத்தி கேன்வாஸ் துணியை டைட்பாண்ட் 2 எனும் மரப்பசையில் ஒட்டி, வெளிச்சுவர் லேடெக்ஸ் பெயிண்டைப் பல பூச்சு அடிக்கலாம். முறையாகச் செய்தால் நன்றாகவே நிற்கிறது.

மிகவும் தொல்லை தருவது பின்கதவு. வளைத்து ஒட்டிய பலகை நிமிரப் பார்க்கும், கதவின் கீழ்முனை பெட்டியிலிருந்து விலகி நிற்கும். அதற்கு இரண்டு காரியம் செய்யுங்கள். கதவுக்கு வளைவு தரும் விலாச் சட்டங்களைச் சுவர் வளைவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக, கீழ்முனை அரை அங்குலம் உள்ளே வரும்படி வெட்டுங்கள். பிறகு கதவை மேசையில் வைத்துக் கட்டாமல், ட்ரெய்லர் மேலேயே, மூடிய நிலையில் பட்டையால் கட்டிவைத்து ஒட்டுங்கள். உட்பலகை, வெளிப்பலகை இரண்டும் ஒட்டிப் பசை முழுதாகக் காயும்வரை பட்டையை அவிழ்க்காதீர்கள். கீலுக்கு, தண்ணீர் ஒழுக முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் ஹரிகேன் ஹின்ஜ் எனும் நீள அலுமினியக் கீல் கிடைக்கிறது. சாதாரணப் பியானோ கீல் ஒழுகும். பக்கவாட்டில் ரப்பர் சீல் மட்டும் நம்பாமல், அதற்கு உட்புறம் ஒரு சிறு ஓடையும் விடுங்கள். சீலைத் தாண்டிய தண்ணீர் அதன் வழியே கீழே வடியட்டும்.

திறந்த கதவைத் தாங்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டைக் கடைசியில், கதவுக்குப் பெயிண்ட், விளக்கு எல்லாம் முடிந்து எடை பார்த்த பிறகு வாங்குங்கள். கதவு 40 பவுண்டு, கீலிலிருந்து அதன் எடைமையம் 24 அங்குலம் என்றால் பெருக்கினால் 960. கதவு கிடைமட்டமாகத் திறந்து நிற்கையில் கீலிலிருந்து ஸ்ட்ரட்டின் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 8 அங்குலம் இருந்தால், இரண்டு ஸ்ட்ரட்டுக்குத் தலா 60 பவுண்டு. தேவைக்குமேல் பலமானதைப் போட்டால் மூடிய கதவைத் தள்ளித் தள்ளி வளைத்து, நீங்கள் பாடுபட்டுப் பொருத்திய ரப்பர் சீலைத் திறந்துவிடும்.

மின்சாரம் சுலபம். பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியானால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. மர உடலில் பின்விளக்குக்குத் தானாகக் கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பாதை) கிடைக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுங்கள். கூரையில் 14 அங்குல ஃபேன் துளை விடுங்கள், கூடவே காற்று உள்ளே வர ஒரு ஜன்னலும். காற்று ஓடாவிட்டால் இருவர் மூச்சின் ஈரம் விடியும்போது சுவரில் வழியும், அதுவும் மரத்துக்குத் தண்ணீர்தான். உள்ளே அடுப்போ கேஸ் ஹீட்டரோ கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். ஸ்மோக்கி மலைப் பக்கம் போனால் கரடி உண்டு. இரவில் சாப்பாட்டுப் பொருளை மெல்லிய பலகைக் கதவுக்குப் பின்னால் விடாமல் காருக்குள் பூட்டுங்கள்.

கிட்டோடு வரும் தயாரிப்பாளர் சான்றிதழைத் தொலைக்காதீர்கள். அதில் விஐஎன் (வண்டி அடையாள எண்) இருப்பதால் பதிவு எளிது. ஃபிரேமையே நீங்கள் வெல்டு செய்தால் தனி ஆய்வு தேவைப்படும். எல்லா ரசீதும் வைத்திருங்கள். ட்ரெய்லராக மட்டும் பதிவதா, கேம்பராகவா என்பதை டிஎம்வியில் (மாநில வண்டிப் பதிவு அலுவலகம்) முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் பந்தின் அளவைப் பாருங்கள். 2 அங்குலக் கப்ளரில் 1 7/8 அங்குலப் பந்தும் உட்கார்ந்துவிடும், பூட்டியது போலவே தெரியும், ஒரு பள்ளத்தில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளை டங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். 50 மைல் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். வேகக் குறியீடு இல்லாத எஸ்டி டயர் (ட்ரெய்லருக்கென்றே செய்த டயர்) மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடச் செய்ததில்லை. எப்போதாவது வாலாட்டினால் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் நெம்புகோலால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். அது நேரான பிறகு ஓரமாக நிறுத்தி, பின்பக்கம் இருக்கும் தண்ணீர்க் கேனைக் காருக்குள் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.