பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்: வாசகர் கேள்வி பதில்

என் பாட்டியின் அண்ணன் 20 வயதில் ஜெர்மன் சண்டையில் இறந்தவர். அவர் நினைவாக வீட்டில் மிஞ்சியிருப்பது சாசர் அளவில் ஒரு வெண்கலத் தட்டு. அதில் ஒரு பெண், ஒரு சிங்கம், ஆங்கிலத்தில் அவர் பெயர். ஊரோ படைப்பிரிவோ இல்லை. இதை வைத்துத் தேட முடியுமா?
வாசகி, குடியாத்தம்

முடியும். ஆனால் தட்டு மட்டும் போதாது. முதல் உலகப்போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தட்டு அது. விட்டம் சுமார் 12 செ.மீ. 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். சாவில் சிப்பாய், ஜெனரல் என்ற பேதம் வேண்டாம் என்று பதவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். 100 வருஷம் கழித்துத் தேடுகிறவருக்கு அதுவே முட்டுக்கட்டை.

ஆகவே பெட்டி, பரண், சாமி மாடம் எல்லாம் துழாவி வட்டமான வெள்ளிப் பதக்கம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒருவன் இருந்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். விஷயம் முகப்பில் இல்லை, விளிம்பில். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அங்கே பொடி எழுத்தில் பதிந்திருக்கும். புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் போடாதீர்கள். தேய்த்துத் தேய்த்தே பல வீடுகளில் எண் அழிந்துபோயிருக்கிறது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தைச் சுழற்றிச் சுழற்றிப் படம் எடுங்கள். படைப்பிரிவு சுருக்கமாகத்தான் இருக்கும். '63 பி.எல்.ஐ.' என்றால் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படைகளில் அதுவும் ஒன்று.

அடுத்தது, போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். தேடுவது இலவசம். நம்மவர்கள் கோட்டை விடுவது பெயரில்தான். ஒற்றைப் பெயரை 'குடும்பப்பெயர்' கட்டத்தில் போடுங்கள், இனிஷியல் வேண்டாம். போர், இந்தியப் படை இரண்டையும் தேர்ந்தெடுங்கள். 'சாமி'க்கு எஸ்.ஏ.எம்.ஒய்., எஸ்.ஏ.எம்.ஐ., எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஐ. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்ற குறிப்பு இருந்தால் தகப்பனார் பெயரை வைத்து உறுதி செய்யலாம். உங்கள் ஊர் வட ஆற்காடு ஜில்லாவில் இருக்கும். மற்றவர்கள் டின்னவெல்லி, டிரிச்சினாபோலி, ராம்நாட் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர் உச்சரிப்பில் தேட வேண்டும்.

குண்டடி பட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணியில் இருக்கும்போது காலராவிலோ மலேரியாவிலோ போனவரும் பட்டியலில் உண்டு. தேதிதான் கணக்கு: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை.

கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயர் பட்டியலில் கிடைத்துவிட்டது. 'பஸ்ரா நினைவுச் சின்னம்' என்று போட்டிருக்கிறது. ஆனால் சுவரில் அவர் பெயரே இல்லை என்கிறார்களே?
வாசகர், தர்மபுரி

உண்மைதான். மெசப்பட்டோமியாவில், அதாவது இன்றைய இராக் பகுதியில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்கான சின்னம் அது. இந்தியப் படையில் அதிகாரிகளின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, சிப்பாய்களுக்கு எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருக்கின்றன. பிரான்ஸில் நவ் ஷப்பெல் சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்களை வெட்ட முடிந்தவர்களுக்கு இங்கே மட்டும் கல் போதவில்லையா? இறந்தவர்களைச் சமமாக நடத்தவில்லை என்று 2021-ல் ஆணையமே அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. சின்னமும் பழைய இடத்தில் இல்லை. 1997-ல் பெயர்த்து நாசிரியா சாலையில் வைத்தார்கள். அதனால் அந்தப் பதிவேட்டுப் பக்கம்தான் உங்களுக்குக் கல்வெட்டு. அச்செடுத்து வையுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பதக்க விளிம்பின் படம், பழைய பென்ஷன் காகிதம் ஆகியவற்றின் நகலோடு ஆணையத்துக்கு எழுதுங்கள். வாய்மொழி மட்டும் செல்லாது.

முதல் உலகப்போரில் இறந்த எங்கள் உறவினருக்குச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் கல் இருக்குமா?
வாசகி, அரக்கோணம்

அங்கே உள்ள கல்லறைகள், 850-க்கு மேல், இரண்டாம் உலகப்போருடையவை. முதல் போருக்கு அதே வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. இந்தியாவில் பராமரிக்க முடியாத இடுகாடுகளில் கிடக்கும் 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வெளிநாட்டில் இறந்தவரை அங்கே தேட வேண்டாம். பல இந்து வீரர்களை எரித்துவிட்டதால் அவர்களுக்குக் கல்லறையே கிடையாது.

ஊர்ச் சாவடியில் ஒரு சலவைக்கல். 1914-1919 போருக்கு ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எண் மட்டும் இருக்கிறது. பெயர்களைச் சேர்த்து வெட்டலாமா?
வாசகர், ஆரணி

அந்தக் கல்லில் உளி வைக்காதீர்கள், சுண்ணாம்பும் அடிக்காதீர்கள். பக்கத்தில் தனிக் கல் நடுங்கள். பெயர்களை ஆணையப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகே வெட்டக் கொடுங்கள். எண்ணிக்கை ஒத்து வரவில்லையென்றால், கிடைக்காத பெயர்களுக்குக் கல்லின் அடியில் இடம் விட்டு வையுங்கள்.