தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவது சுகமா, தொல்லையா?

அலுவலகம் எட்டு கிலோமீட்டர் தூரம், சைக்கிளில் போகலாமா என்று யோசிக்கிறேன், தினமும் போகிறவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக நான் அப்படித்தான் போய்வருகிறேன். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் சுகமெல்லாம் வழியில் இருக்கிறது, தொல்லையில் பெரும்பங்கு போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது. அதனால் சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

சைக்கிளை நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்த முடியுமா? ஃபிரேமைச் சேர்த்துப் பூட்டுகிற மாதிரி அசையாத கம்பி ஏதாவது இருக்கிறதா? முன்சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்துகிற ஸ்டாண்டு என்றால் கவனம். சக்கரத்தோடு மட்டும் பூட்டினால், அதை விட்டுவிட்டு மீதி சைக்கிளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம், முகம் கழுவிச் சட்டை மாற்ற ஒரு மறைவான இடம் வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கார்களுக்கு ஒரு தளமே ஒதுக்கியிருந்தார்கள். சைக்கிளுக்கு இடம் கிடையாது, காவலாளியிடம் தினமும் கேட்டுக்கேட்டு ஒரு மூலையில் நிறுத்த வேண்டும். மிதித்த தூரம் என்னை அலுக்கவைத்ததே இல்லை, அந்தக் கெஞ்சல்தான் அலுக்கவைத்தது. ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். நிர்வாகத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்க வேண்டிய விஷயம்தான்.

சரி, வழிக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்ததே நேரம் கையில் இருப்பதுதான். அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் வரும். உங்கள் எட்டு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம், சிக்னல்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூட. நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே அரை மணி நேரம்தான். மற்ற வண்டிகளில் போகும்போது எப்போது போய்ச் சேருவோம் என்ற கவலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். சைக்கிளில் அது இல்லை. மாலையிலும் அப்படியே. வேலையில் மனதைக் குடைந்த விஷயம் பாதி வழியில் தானாகவே அடங்கிவிடும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது எதிர்காற்று ஒன்றுதான். மேடு என்றால் ஏறி முடித்ததும் இறக்கம் உண்டு, எதிர்காற்றுக்கு அந்த ஆறுதலும் இல்லை. நீங்கள் 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்பின் மேல் மோதுவது 33 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் (வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு) என்பதால், தடை மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அந்த நாளில் வழக்கமான வேகத்தை விடாமல் பிடிக்கப் பார்த்தால் முழங்கால்தான் வலிக்கும். கியரைக் குறைத்து, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, பத்து நிமிஷம் தாமதம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, ஓரமாக நிற்கிற காரின் கதவு. உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்க்காமல் திறப்பார். அதனால் நிற்கிற வண்டிகளிலிருந்து ஒரு கதவின் அகலத்துக்கு மேல் தள்ளியே ஓட்டுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், ஓரத்தில் ஒடுங்க வேண்டாம். இன்னொன்று, திரும்பப் போகிற லாரி. அதன் பக்கவாட்டில் முன்சக்கரத்தை ஒட்டி நீங்கள் நின்றால் ஓட்டுநருக்குத் தெரியவே மாட்டீர்கள். சந்திப்பில் அதன் பின்னாலேயே நில்லுங்கள்.

பஞ்சரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு லீவர், சின்ன பம்ப் பையில் இருந்தால் கால் மணி நேர வேலை. டியூபை மாற்றுவதற்கு முன்னால் டயரின் உட்புறத்தைக் கட்டைவிரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பித் துணுக்கோ கண்ணாடிச் சில்லோ முனை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு இருக்கும், விரலுக்குத்தான் தட்டுப்படும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த தெரு தாண்டுவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிடும். வாரம் ஒருமுறை காற்று அடித்தாலே பாதி பஞ்சர் வராது. காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

வியர்வைக்கு நான் கண்ட வழி எளிது. முதுகுப்பையை விட்டுவிட்டு, பாரத்தைக் கேரியரில் பக்கவாட்டுப் பையாக மாட்டுங்கள். முதுகு நனைவது பெரிதும் குறைந்துவிடும். கடைசி ஒரு கிலோமீட்டரை நடக்கிற மாதிரி மெல்ல மிதித்தால் போய் இறங்கும்போது உடம்பு ஆறியிருக்கும். மழைக்கு நல்ல நீளமான மட்கார்டு போதும். ஆனால் ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால், ஈரத்தில் முதல் ஓரிரு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடும், அதன் பிறகுதான் பிடிக்கும். முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டே போங்கள்.

உடம்புக்கு நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் ஏற்கனவே ஆரோக்கியமானவர்களாக இருந்ததும் ஓரளவு காரணமாக இருக்கலாம் என்பதால் அந்த எண்ணை அப்படியே நான் எடுத்துக்கொள்வதில்லை. தூக்கமும் பசியும் சீரானது எனக்கே நன்றாகத் தெரிகிறது.

வழியை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றால் விடுமுறை நாளில் போகாதீர்கள், சாலை காலியாக இருந்து ஏமாற்றிவிடும். வேலை நாளில், அதே நேரத்தில், அதே பையோடு போய்ப் பாருங்கள். பெரிய சாலையை விட ஒரு கிலோமீட்டர் கூடுதலான உள்தெரு வழி கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.